செயற்கைச் சவ்வில் செல்கள் வேரூன்ற வழிவகுக்கும் புரதப் பூச்சு

வெற்றிலையுடனும் புகையிலையுடனும் சேர்த்து மெல்லப்படும் சுண்ணாம்பு, நாட்டின் பல பகுதிகளில் சிறு பிளாஸ்டிக் பொட்டலங்களில் விற்கப்படுகிறது. குழந்தைகள் அதை விளையாட்டாக அழுத்தும்போது பொட்டலம் வெடித்து, சுண்ணாம்பு கண்ணில் தெறிக்கும் விபத்துகளை இந்தியக் கண் மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சந்தித்து வருகின்றனர். சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. கண்ணின் மேற்பரப்பை எரிப்பதோடு நில்லாமல் திசுக்களின் உள்ளேயும் ஊடுருவக் கூடியது.

இத்தகைய காயத்தில் பெரும் இழப்பு நேர்வது கருவிழியின் விளிம்பில்தான். கருவிழிப் படலம் வெள்ளை விழியைச் சந்திக்கும் அந்தக் குறுகிய வளையத்தில் குருத்தணுக்கள் எனப்படும் ஸ்டெம் செல்கள் உள்ளன. கருவிழியின் மேற்பரப்பில் தேய்ந்து உதிரும் செல்களுக்கு மாற்றாகப் புதிய செல்களை வாழ்நாள் முழுவதும் வழங்குபவை இவையே. இவை அழிந்துவிட்டால், சுற்றியுள்ள திசுவும் இரத்தக் குழாய்களும் கருவிழியின் மீது படர்ந்து அதன் தெளிவைக் கெடுக்கின்றன. தானமாகப் பெறப்பட்ட கருவிழியைப் பொருத்தினாலும், அதன் மேற்பரப்பைப் புதுப்பிக்கும் செல்கள் இல்லாததால் பயன் நீடிப்பதில்லை.

நலமாக உள்ள மற்றொரு கண்ணின் விளிம்பிலிருந்து சிறு திசுத் துண்டை எடுத்து, அதிலுள்ள செல்களை ஆய்வகத்தில் ஒரு மெல்லிய சவ்வின் மீது வளர்த்து, பாதிக்கப்பட்ட கண்ணில் பொருத்துவது இதற்கான சிகிச்சைகளுள் ஒன்றாகும். செல்களை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதைப் போலவே, அவற்றை எதன் மீது வளர்க்கிறோம் என்பதும் இதில் முக்கியமானது. சவ்வின் மேல் படியும், கண்ணுக்குப் புலப்படாத ஒரு புரதப் படலமே செல்கள் ஒட்டுமா, பரவுமா, தம் இயல்பு கெடாமல் பெருகுமா என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

இயற்கை தந்த சவ்வு

ஆய்வகத்தில் வளர்த்த விளிம்புச் செல்களைக் கொண்டு கருவிழியின் மேற்பரப்பைச் சீரமைக்க முடியும் என்பதை இத்தாலிய ஆய்வாளர்கள் 1997ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். இந்தியாவில் ஹைதராபாத்தில் உள்ள எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனம் இத்துறையில் முன்னோடியாகத் திகழ்கிறது. அங்கு இச்சிகிச்சை பெற்ற 200 நோயாளிகளின் பத்தாண்டுக் கால விவரங்கள் 2011ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. அவர்களில் 71 சதவீதத்தினருக்குக் கருவிழியின் மேற்பரப்பு நிலையாகச் சீரடைந்திருந்தது.

ஹைதராபாத் மருத்துவர்கள் செல்களை வளர்க்கப் பயன்படுத்தியது, கருவிலுள்ள குழந்தையைச் சூழ்ந்திருக்கும் பனிக்குடத்தின் உட்சவ்வு ஆகும். அறுவை சிகிச்சை மூலம் நிகழும் பிரசவங்களின்போது தாயின் ஒப்புதலுடன் பெறப்படும் இந்தச் சவ்வு தூய்மை செய்யப்பட்டுப் பதப்படுத்தப்படுகிறது. திசுத் துண்டை அதன் மீது வைத்ததும் செல்கள் துண்டின் ஓரங்களிலிருந்து வெளியேறிப் பரவத் தொடங்குகின்றன. ஏறத்தாழ இரு வாரங்களில் அவை பொருத்துவதற்கு ஏற்ற படலமாக வளர்கின்றன.

பனிக்குடச் சவ்வு இவ்வளவு சிறப்பாகச் செயல்படுவதற்கான காரணம் அதன் அமைப்பில் உள்ளது. அதன் மேல்வரிசைச் செல்களுக்கு அடியில், நான்காம் வகைக் கொலாஜன், லாமினின், ஃபைப்ரோனெக்டின் ஆகிய புரதங்களால் ஆன மெல்லிய அடித்தளப் படலம் அமைந்துள்ளது. கண்ணின் மேற்பரப்புச் செல்கள் உடலுக்குள் இருக்கும்போது பற்றியிருப்பதும் இதே வகையான படலத்தைத்தான். இயற்கையே புரதம் பூசித் தந்த சவ்வு என்று இதைக் கூறலாம்.

எனினும் இதற்குச் சில வரம்புகள் உண்டு. மனித உடலிலிருந்து பெறப்படுவதால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் போன்ற தொற்றுகளுக்கான பரிசோதனைகள் கட்டாயமாகின்றன. தடிமனும் வலிமையும் ஒளி ஊடுருவும் தன்மையும் சவ்வுக்குச் சவ்வு மாறுபடுகின்றன. முறையான திசு வங்கி இல்லாத ஊர்களில் இதைப் பெறுவது எளிதன்று. ஆகவே, ஒரே தரத்தில் வேண்டிய அளவு தயாரிக்கக் கூடிய சவ்வுகளை உலகெங்கும் ஆய்வாளர்கள் தேடி வருகின்றனர். பட்டுப் புரதம், கைட்டோசான், பாலிகேப்ரோலாக்டோன் போன்ற பொருள்களால் ஆன சவ்வுகள் இத்தேடலின் விளைவுகளாகும். அவற்றின் வலிமையையும் தடிமனையும் விரும்பியவாறு அமைக்க முடிகிறது. ஆனால், பனிக்குடச் சவ்வில் இயல்பாகவே இருக்கும் அடித்தளப் புரதங்கள் அவற்றில் இல்லை. அந்தக் குறையை நிரப்புவதே புரதப் பூச்சின் பணியாகும்.

செல் தொடுவது சவ்வை அன்று

ஒரு செயற்கைச் சவ்வைச் செல் வளர்ப்புக் கரைசலில் இட்டால், செல்கள் அதன் மீது இறங்குவதற்கு முன்பே கரைசலில் உள்ள புரதங்கள் அதன் பரப்பில் படிந்துவிடுகின்றன. சில நொடிகளில் தொடங்கி நிமிடங்களில் நிறைவுறும் நிகழ்வு இது. எனவே, செல் உண்மையில் தொடுவது சவ்வை அன்று. அதன் மேல் படிந்துள்ள புரதங்களையே.

எந்தப் புரதம் முதலில் படிகிறதோ அதுவே நிலைத்திருக்கும் என்றும் கூற இயலாது. இரத்தத்தில் மிகுதியாக உள்ளதும் விரைவாக நகர்வதுமான ஆல்புமின் போன்ற புரதங்கள் முதலில் பரப்பை அடைகின்றன. பின்னர் பரப்பின் மீது கூடுதல் பற்றுடைய புரதங்கள் வந்து அவற்றை விலக்கிவிட்டு இடம்பிடிக்கின்றன. இதனை விளக்கிய லியோ விரோமனின் பெயரால் இது விரோமன் விளைவு என்று அழைக்கப்படுகிறது. ஆல்புமினைச் செல்களால் பற்ற முடியாது. அது பரப்பை மூடிக்கொண்டால், சவ்வு எவ்வளவு தரமானதாக இருந்தாலும் செல்களுக்கு அங்கு இடமில்லை.

செல்கள் புரதங்களைப் பற்றுவதற்கு, அவற்றின் உறையில் பதிந்துள்ள இன்டெக்ரின் எனும் ஏற்பிகள் கைகளாகப் பயன்படுகின்றன. இந்தக் கைகள் ஒரு புரதத்தை முழுமையாக அறிய வேண்டியதில்லை. அதிலுள்ள ஒரு சிறு அடையாளமே போதும். ஃபைப்ரோனெக்டின் புரதத்தில் அந்த அடையாளம், ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்ட்டிக் அமிலம் என்னும் மூன்று அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து அமைந்த சிறு தொடர் என்பது 1984ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. ஆர்ஜிடி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இத்தொடர், இன்று உயிரிப்பொருள் ஆய்வுகளில் மிகுதியாகப் பயன்படும் அடையாளங்களுள் ஒன்றாகும். இன்டெக்ரின்கள் குறித்த கண்டுபிடிப்புகளுக்காக ரிச்சர்ட் ஹைன்ஸ், எர்க்கி ருவோஸ்லாட்டி, டிமோதி ஸ்பிரிங்கர் ஆகிய மூவருக்கும் 2022ஆம் ஆண்டில் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

இன்டெக்ரின் ஒட்டும் கருவி மட்டுமன்று. செய்தி கடத்தும் வாயிலும் ஆகும். வெளியே உரிய புரதத்தைப் பற்றியதும், செல்லின் உட்சட்டகம் அந்த இடத்தில் வலுப்பெறுகிறது. உயிர்வாழவும் பெருகவும் உரிய உத்தரவுகள் செல்லின் உட்கருவைச் சென்றடைகின்றன. பற்றிக்கொள்ள எதுவும் கிடைக்காத திசுச் செல், தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் பாதையில் செல்கிறது. ஆகவே, சவ்வின் மீது செல் ஒட்டுவது அழகுக்கான ஏற்பாடன்று. அது செல்லின் உயிர்ப் பிரச்சினை.

பூச்சுக்கு உதவும் புரதங்கள்

இப்பணிக்கு மிகுதியாகப் பயன்படுவது கொலாஜன் ஆகும். தோல், எலும்பு, தசைநாண் என உடலெங்கும் நிறைந்திருக்கும் இப்புரதம், மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிய கயிறு போன்ற அமைப்புடையது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் இந்த மூவிழை அமைப்பை வெளிக்கொணர்ந்தன.

அந்த அமைப்பு பூச்சிலும் முக்கியத்துவம் பெறுகிறது. கொலாஜனுக்கென உள்ள இன்டெக்ரின்கள், மூவிழை முறுக்கு சிதையாமல் இருந்தால்தான் அதை அடையாளம் காண்கின்றன. வெப்பத்தால் முறுக்கு அவிழ்ந்தால் கொலாஜன் ஜெலட்டினாகிவிடுகிறது. ஜெலட்டின் மீதும் செல்கள் ஒட்டும். ஆனால், அவை வேறு இன்டெக்ரின்களின் வழியாக, வேறு அடையாளங்களைப் பற்றுகின்றன. ஒரே புரதம் வடிவம் மாறியதும் செல்லுக்கு வேறு செய்தியைச் சொல்கிறது.

ஃபைப்ரோனெக்டின் இரத்தத்திலும் திசுக்களிலும் காணப்படும் பெரிய புரதம். காயம் ஆறும்போது செல்கள் நகர்ந்து செல்வதற்கான பாதையாக இது அமைகிறது. லாமினின் அடித்தளப் படலத்தின் முதன்மைப் புரதங்களுள் ஒன்று. மேற்பரப்புச் செல்கள் தம் இயல்பைக் காத்துக்கொள்வதில் இதற்குப் பெரும் பங்குண்டு. இரத்தம் உறையும்போது உருவாகும் ஃபைப்ரின் புரதமும் செல்களைத் தாங்கும் தளமாகப் பயன்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்ற ஹோலோக்ளார் என்னும் கருவிழிச் சிகிச்சையில், நோயாளியின் விளிம்புச் செல்கள் ஃபைப்ரின் தளத்தின் மீது வைத்தே அளிக்கப்படுகின்றன.

பூசும் முறைகள்

புரதக் கரைசலில் சவ்வை ஊறவைத்துப் பின் கழுவி எடுப்பதே எளிய முறையாகும். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்குச் சில மைக்ரோகிராம் புரதம் போதுமானது. சிறப்புக் கருவிகள் ஏதும் தேவையில்லை. ஆயினும், இவ்வாறு படியும் புரதம் வலுவான பிணைப்பின்றி நிற்பதால், நாளடைவில் கழுவப்பட்டுப் போகவோ வேறு புரதங்களால் விலக்கப்படவோ கூடும்.

நீரை விலக்கும் தன்மையுடைய பாலிகேப்ரோலாக்டோன் போன்ற பொருள்களில் மற்றொரு சிக்கலும் எழுகிறது. அப்பரப்பில் படியும் புரதங்கள் தம் மடிப்பு அவிழ்ந்து உருக்குலைந்துவிடுகின்றன. இதனைத் தவிர்க்க, சவ்வின் மேற்பரப்பை முதலில் பிளாஸ்மா எனப்படும் மின்னேறிய வளிமத்துக்கு உட்படுத்தி நீரை ஏற்கும் தன்மையுடையதாக மாற்றுகின்றனர். வேதிப் பிணைப்பின் மூலம் புரதத்தைச் சவ்வோடு நிலையாக இணைக்கும் முறைகளும் உள்ளன. அவ்வாறு செய்யும்போது, புரதத்தின் எந்தப் பகுதி சவ்வோடு பிணைகிறது என்பதில் கவனம் தேவை. செல் பற்ற வேண்டிய பகுதியே சவ்வோடு ஒட்டிக்கொண்டால் பூச்சு பயனற்றதாகிவிடும்.

அலைகள் ஓயாது மோதும் பாறையில் சிப்பிகள் உறுதியாகப் பற்றியிருப்பதைக் கவனித்த அமெரிக்க ஆய்வாளர்கள், 2007ஆம் ஆண்டில் ஒரு புதிய வழியை முன்வைத்தனர். சிப்பியின் ஒட்டும் புரதத்தில் உள்ள வேதிப் பகுதியைப் பின்பற்றி, சற்றே காரத்தன்மையுள்ள டோபமைன் கரைசலில் பொருளை நனைத்தால் அதன் மீது பாலிடோபமைன் என்னும் மென்படலம் உருவாகிறது. ஏறத்தாழ எந்தப் பொருளின் மீதும் படியும் இந்தப் படலம், அதன் மேல் பூசப்படும் புரதங்களையும் பிடித்துக்கொள்கிறது. சுவரில் வண்ணம் பூசுவதற்கு முன் அடிப்பூச்சு இடுவதற்கு இதனை ஒப்பிடலாம்.

மிகுதியே நன்மையன்று

புரதத்தின் அளவைக் கூட்டிக்கொண்டே சென்றால் வளர்ச்சியும் கூடிக்கொண்டே செல்லும் என்று எண்ணுவது தவறு. செல்லின் ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் இடையே எவ்வளவு தொலைவில் அடையாளங்கள் அமைந்துள்ளன என்பது முக்கியம். ஜெர்மனியில் 2004ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, அடையாளப் புள்ளிகளுக்கு இடையிலான தொலைவு ஏறத்தாழ 60 நானோமீட்டருக்குள் இருக்கும்போது செல்கள் நன்கு பற்றுவதையும், 70 நானோமீட்டருக்கு மேல் செல்லும்போது அந்தப் பிடி நழுவுவதையும் எடுத்துக்காட்டியது. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

மறுபுறம், பிடி அளவுக்கு மீறி வலுத்தால் செல்லால் நகர முடியாது. கண்ணின் மேற்பரப்பில் ஏற்பட்ட காயம் மூட வேண்டுமானால் செல்கள் முன்னோக்கி ஊர்ந்தாக வேண்டும். முன்பக்கம் புதிதாகப் பற்றுவதும் பின்பக்கம் விடுவதும் மாறி மாறி நிகழும்போதே இந்த நகர்வு இயலும். மிதமான பிடியே இதற்கு உகந்தது.

எண்ணிக்கையைக் காட்டிலும் செல்களின் தரமே இறுதி முடிவைத் தீர்மானிக்கிறது என்பதற்கு 2010ஆம் ஆண்டில் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு சான்றாகும். 112 நோயாளிகளை உள்ளடக்கிய அந்த ஆய்வில், குருத்தணுத் தன்மையைச் சுட்டும் பி63 என்ற புரதம் மிகுந்த செல்கள், வளர்ப்பில் பெருகும் திறனுடைய செல்களில் 3 சதவீதத்துக்கு மேல் இருந்தபோது 78 சதவீத நோயாளிகளுக்குச் சிகிச்சை வெற்றி பெற்றது. 3 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தபோது வெற்றி 11 சதவீதமாகச் சரிந்தது. சவ்வு முழுவதும் செல்கள் அடர்ந்து வளர்ந்திருப்பது மட்டும் போதாது. நாளை புதிய செல்களை ஈனப்போகும் குருத்தணுக்கள் அவற்றினிடையே எஞ்சியிருக்க வேண்டும். செல்களை விரைவாகப் பெருக்கும் பூச்சு, குருத்தணுக்களைக் காக்கும் பூச்சாகவும் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இந்தியப் பட்டின் தனித்தன்மை

இந்த ஆய்வுகளில் இந்தியாவுக்கு இயற்கையாகவே ஒரு வாய்ப்பு அமைந்துள்ளது. மல்பெரி, டசார், எரி, மூகா ஆகிய நான்கு வகைப் பட்டுகளும் வணிக அளவில் உற்பத்தியாகும் நாடு இந்தியா. பட்டு இழையின் மேலுள்ள செரிசின் என்னும் பசையை நீக்கினால் கிடைக்கும் ஃபைப்ராயின் புரதத்தை, ஒளி ஊடுருவும் மெல்லிய சவ்வாக வார்த்தெடுக்க முடியும். அது வலிமையானது, உடலில் மெதுவாகச் சிதையக் கூடியது.

மல்பெரிப் பட்டின் ஃபைப்ராயினில் ஆர்ஜிடி அடையாளம் இல்லை. சீரம் சேர்ந்த கரைசலில் அதன் மீது செல்கள் வளர்வதற்கு, சீரத்திலிருந்து வந்து படியும் புரதங்களும் உதவுகின்றன. காட்டு மரங்களில் வளரும் டசார் பட்டுப்புழுவின் ஃபைப்ராயினிலோ அந்த அடையாளம் இயல்பாகவே உள்ளது. காரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்களும் அவர்களுடன் இணைந்தவர்களும் டசார் ஃபைப்ராயின் சவ்வின் மீது கருவிழிச் செல்களை வளர்த்து, அந்தச் சவ்வை முயல்களின் கண்களில் பொருத்திச் சோதித்த முடிவுகளை 2016ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இதன் மூலம் இரு வழிகள் திறக்கின்றன. எளிதில் கிடைக்கும் மல்பெரிச் சவ்வின் மீது கொலாஜனையோ லாமினினையோ பூசிக்கொள்ளலாம். அல்லது டசார் ஃபைப்ராயினையே சவ்வாகவோ, வேறு சவ்வின் மேற்பூச்சாகவோ பயன்படுத்தலாம். இரண்டாவது வழியில் ஒரு தடையும் உண்டு. மல்பெரிப் பட்டைக் கரைக்கும் லித்தியம் புரோமைடு கரைசலில் டசார் கூடு எளிதில் கரைவதில்லை. எனவே, புழுவின் பட்டுச் சுரப்பியிலிருந்தே புரதத்தை நேரடியாக எடுக்கும் முறையை ஆய்வாளர்கள் கையாள்கின்றனர். இதைப் பெருமளவில் செய்வது சவாலாகவே உள்ளது.

ஆய்வகத்திலிருந்து நோயாளியை நோக்கி

நல்ல பூச்சு ஒன்று ஆய்வகத்தில் உருவானாலும் அது மருத்துவமனையை அடைவதற்குள் பல தடைகளைத் தாண்ட வேண்டும். முதலாவது, கிருமி நீக்கம். உயர்வெப்ப நீராவி புரதங்களைச் சிதைத்துவிடும். கதிர்வீச்சும் அவற்றின் அமைப்பைப் பாதிக்கக் கூடும். எனவே, கிருமி நீக்கத்துக்குப் பின்னும் பூச்சு வேலை செய்கிறதா என்பதைச் சோதித்தாக வேண்டும். இரண்டாவது, புரதத்தின் மூலம். மாடு, பன்றி போன்ற விலங்குகளிலிருந்து எடுக்கப்படும் புரதங்களில் நோய் பரவும் அபாயமும் உடல் ஏற்காமல் போகும் வாய்ப்பும் கருத்தில் கொள்ளப்படுகின்றன. மரபணுப் பொறியியல் மூலம் தயாரிக்கப்படும் மனிதப் புரதங்கள் இதற்கு மாற்றாக உள்ளன. ஆனால், அவற்றின் விலை அதிகம்.

மூன்றாவது, ஒப்பீடு. புதிய பூச்சின் மதிப்பை, பூச்சில்லாத அதே சவ்வோடு மட்டும் ஒப்பிட்டு அறிவது போதாது. இன்று மருத்துவர்களின் கையில் உள்ள பனிக்குடச் சவ்வோடும் ஒப்பிட வேண்டும். முதல் சில மணி நேரத்தில் எத்தனை செல்கள் ஒட்டின, பின்வரும் நாள்களில் எவ்வளவு பெருகின, குருத்தணுத் தன்மை எந்த அளவில் நிலைத்தது என்னும் மூன்றையும் தனித்தனியே அளவிடுவது அவசியம்.

இந்தியாவில் மருத்துவச் சாதனங்கள், 2017ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகளின் கீழ், அபாயத்தின் அளவைப் பொறுத்து நான்கு வகைகளாகப் பிரித்து ஒழுங்குபடுத்தப்படுகின்றன. ஸ்டெம் செல்களிலிருந்து பெறப்படும் மருத்துவப் பொருள்கள், 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி புதிய மருந்துகளாகக் கருதப்படுகின்றன. சவ்வு மட்டும் என்றால் ஒரு பாதை; சவ்வின் மீது செல்களை வளர்த்து அளிப்பதென்றால் மற்றொரு பாதை. நோயாளியின் பாதுகாப்பைக் கருதி வகுக்கப்பட்ட இந்நடைமுறைகளை ஆய்வின் தொடக்கத்திலேயே கணக்கில் கொள்வது காலவிரயத்தைத் தவிர்க்கும்.

இதனிடையே, ஆய்வகத்தில் செல் வளர்க்கும் கட்டத்தையே தவிர்க்கும் எளிய அறுவை முறை ஒன்றை ஹைதராபாத் மருத்துவர்கள் 2012ஆம் ஆண்டில் அறிமுகம் செய்தனர். இதில், நலமான கண்ணிலிருந்து எடுத்த சிறு திசுத் துண்டை மேலும் நுண்ணிய துண்டுகளாக்கி, பாதிக்கப்பட்ட கண்ணில் பரப்பிய பனிக்குடச் சவ்வின் மீதே நேரடியாகப் பொருத்துகின்றனர். செலவு மிக்க ஆய்வக வசதி இல்லாத ஊர்களுக்கும் சிகிச்சையைக் கொண்டு செல்லும் வாய்ப்பை இம்முறை வழங்கியுள்ளது. எனினும், இதிலும் செல்கள் பற்றி வளர்வதற்கு ஒரு சவ்வு தேவைப்படுகிறது. திசு வங்கியை நம்பியிராமல் சிறு நகர மருத்துவமனையின் அலமாரியிலும் ஆயத்தமாக வைத்திருக்கக் கூடிய, புரதம் பூசிய சவ்வு கிடைக்குமானால், இத்தகைய சிகிச்சையின் பயன் மேலும் பலரைச் சென்றடையும்.

அதுவரையிலும், அதற்குப் பின்னரும், வருமுன் காப்பதே சிறந்தது. சுண்ணாம்புப் பொட்டலங்களைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். கண்ணில் சுண்ணாம்பு பட்டால் கசக்காமல், இமைகளை விரித்து, தூய நீரால் உடனடியாகவும் தொடர்ச்சியாகவும் கழுவ வேண்டும். பின்னர் காலம் தாழ்த்தாமல் கண் மருத்துவரை அணுக வேண்டும். விளிம்பில் உள்ள குருத்தணுக்கள் தப்பிப் பிழைப்பது பெரும்பாலும் அந்த முதல் சில நிமிடங்களைப் பொறுத்தே அமைகிறது.